பெட்டியில் இல்லாத வீரர்: 1/35 போர்வீரர் உருவத்தை மாற்றி வண்ணம் தீட்ட ஒரு வழிகாட்டி

இரண்டாம் உலகப் போரில் சண்டையிட்ட இந்திய வீரர்களை 1/35 அளவில் (உண்மை உருவத்தின் 35ல் ஒரு பங்கு) செய்த பிளாஸ்டிக் மாடல்களில் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் தலைப்பாகையும் தாடியுமாகச் சீக்கிய வீரர்களே கிடைப்பார்கள். அவர்கள் இருக்க வேண்டியவர்கள்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவர்களோடு அதே 4ஆம் இந்திய டிவிஷனில், வட ஆப்பிரிக்கப் பாலைவனத்திலும் பிறகு இத்தாலியிலும் ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சேப்பர்களின் 12ஆம் ஃபீல்ட் கம்பெனியும் 11ஆம் ஃபீல்ட் பார்க் கம்பெனியும் இருந்தன. பாலம் போட்டது, சாலை வெட்டியது, கண்ணிவெடி எடுத்தது எல்லாம் இவர்கள் வேலை. 1780ல் தொடங்கிய இந்தப் படையின் ஆட்களை ராணுவத்தில் இன்றைக்கும் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். அன்றைய செங்கல்பட்டு மாவட்டம் கீழொட்டிவாக்கத்தைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் 11ஆம் ஃபீல்ட் பார்க் கம்பெனிக்காரர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மின்யானோ அருகே, வெடிக்கப்போகும் கண்ணிவெடியின் மேல் தானே விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றினார். அவர் மறைவுக்குப் பின், பிரிட்டனின் உயரிய வீர விருதுகளில் ஒன்றான ஜார்ஜ் கிராஸ் வழங்கப்பட்டது.

இப்படிப்பட்ட ஒருவரை அலமாரியில் வைக்க ஆசைப்பட்டால், கடைப்பெட்டியில் இருக்கும் பிரிட்டிஷ் வீரரை வெட்டி, ஒட்டி, பட்டி வைத்து, நிறம் மாற்றி நாமே உருவாக்க வேண்டும். இந்தக் கட்டுரை அதற்குத்தான். மண்டியிட்டு, பயனெட் கத்தியால் (துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி) மண்ணைக் குத்திக் கண்ணிவெடி தேடும் ஒரு மெட்ராஸ் சேப்பர். இடம் மேற்குப் பாலைவனம், ஆண்டு 1942. இதுவரை கிட்டில், அதாவது ஒட்டிச் சேர்க்க வேண்டிய பாகங்களாக வரும் மாடல் பெட்டியில், உள்ளதை உள்ளபடி ஒட்டி மட்டுமே பழகியவர்களுக்கும் இந்த நிலை கைவரும். அவர் தலை குனிந்திருப்பதால், முதல் உருவத்திலேயே கண் வரையும் சோதனையும் இல்லை.

முதலில் ஆள், பிறகு கிட்

புதிதாக வருபவர்கள் கிட்டை வாங்கிவிட்டு இதை என்ன செய்யலாம் என்று யோசிக்கிறார்கள். மாற்றி உருவாக்கும் வேலைக்கு அது தலைகீழ். அவர் யார், எங்கே இருக்கிறார், இந்த நொடியில் என்ன செய்கிறார் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிவிட்டுத்தான் கிட் தேட வேண்டும். நாம் எழுதப்போவது இது: மெட்ராஸ் சேப்பர், எகிப்து–லிபியா பாலைவனம், 1942, மண்ணுக்குள் ஏதோ தட்டுப்பட்டுவிட்டது, கத்தியை அசைக்காமல் இன்னொரு கையால் மண்ணை விலக்குகிறார்.

இந்த மூன்றாவது வரிதான் எல்லாவற்றையும் முடிவு செய்யும். தேடும் ஆளின் உடம்பு வேறு, தட்டுப்பட்ட பிறகு இருக்கும் உடம்பு வேறு. தட்டுப்பட்டவர் தோளைச் சுருக்கி, தலையைத் தாழ்த்தி, மூச்சை அடக்கி இருப்பார்.

படங்களுக்கு லண்டன் இம்பீரியல் வார் மியூசியத்தின் இணையத் தொகுப்பைப் பாருங்கள். இந்தியப் படைகளின் வட ஆப்பிரிக்கப் புகைப்படங்கள் அங்கே ஏராளம். பார்க்கும்போது முகத்தை விட்டுவிட்டு முழங்கால், முழங்கை, பூட்ஸின் அடிப்பாகம், தொப்பி வார் எங்கே போகிறது என்று உறுப்பு உறுப்பாகப் பாருங்கள். மெட்ராஸ் சேப்பர்கள் அணிவகுப்பில் அணியும் உருளை வடிவத் தொப்பி மிக அழகானது, ஆனால் கண்ணிவெடி வேலையில் அதை மாட்டிவிடாதீர்கள். அகன்ற விளிம்புள்ள இரும்புத் தொப்பிதான் இங்கே சரி. முகம் மழித்திருக்கலாம், அல்லது மெல்லிய மீசை இருக்கலாம்.

அடிப்படைக்கு டாமியா நிறுவனத்தின் பிரிட்டிஷ் 8ஆம் ஆர்மி (வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் போரிட்ட படை) காலாட்படைக் கிட் போதும். பழைய அச்சு, விவரம் சற்று மழுங்கல், ஆனால் நம் வேலையில் பாதியை வெட்டி எறியப்போகிறோம் என்பதால் விலை உயர்ந்த கிட்டை வீணாக்க வேண்டியதில்லை. அரைக்கால் சட்டையும் குட்டைக் கை சட்டையும் போட்ட, மண்டியிட்ட அல்லது குந்திய கால்கள் ஒரு ஜோடி வேண்டும். வாங்கிய கிட்டில் இல்லையென்றால் வேறு கிட்டில் மிச்சம் கிடக்கும் கால்களை எடுக்கலாம், தலை மாறினாலும் பரவாயில்லை. பெட்டித் தலை பிடிக்காவிட்டால் ஹார்னெட் நிறுவனத்தின் ரெசின் (அச்சில் ஊற்றி வார்க்கும் செயற்கைப் பிசின்) தலைகள் தரமானவை. முகத்தின் எலும்பமைப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஐரோப்பிய முகத்துக்குக் கறுப்பு வண்ணம் பூசினால் தமிழ் முகம் ஆகிவிடாது. கன்னம் நிறைந்து, மூக்கு சற்று அகன்று, உதடு தடித்த தலை நமக்கு உதவும்.

சாமான்கள்

ஸ்ப்ரூவிலிருந்து (பாகங்கள் ஒட்டியபடி வரும் பிளாஸ்டிக் சட்டம்) பாகங்களை அறுக்க நுனிக் கட்டர், கூர்மையான மாடல் கத்தி, மெல்லிய பல் உள்ள சிறு ரம்பம், 0.5 மில்லிமீட்டர் துளை போடும் கைத்துரப்பணம், 400 முதல் 1000 வரை உப்புத்தாள். ஒட்டுவதற்கு இரண்டு பசை வேண்டும். பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக்கை ஒட்ட, அதைக் கரைத்து இணைக்கும் மெல்லிய சிமென்ட். ரெசினுக்கும் கம்பிக்கும் ஃபெவிக்விக். கம்பிக்காக எங்கும் அலைய வேண்டாம், பழைய மின்வயரைச் சீவினால் உள்ளே இருக்கும் செம்பு இழை போதும்.

பட்டி என்பது இரண்டு பாகத்தைக் கலந்து பிசைந்தால் இறுகும் எபாக்ஸிக் களிமண். அதில் மில்லிபுட்டும் பச்சை நிற நீடடைட்டும் பேர் பெற்றவை, ஆனால் அஞ்சலில் வரவழைக்க வேண்டியிருக்கும். தண்ணீர்க் குழாய் ஒழுக்கை அடைக்கும் எம்-சீல் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கிறது. அதன் துகள் கொஞ்சம் கரடு. காது, விரல் போன்ற நுண்வேலைக்கு ஒத்துவராது. உடம்பின் கனத்தை ஏற்றவும் பெரிய துணி மடிப்புக்கும் தாராளமாக உதவும். பழக வேண்டியவர்கள் எம்-சீலில் பழகுவதே நல்லது என்பேன், வீணானால் மனம் நோகாது. பிசையும்போது மெல்லிய கையுறை போடுங்கள், எபாக்ஸி சிலருக்குத் தோலில் அரிப்பைக் கொண்டுவரும். ரெசினையும் காய்ந்த பட்டியையும் தேய்க்கும்போது உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, முகக்கவசம் போட்டுத் தேயுங்கள். அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது.

உடம்பு எங்கே மடங்குகிறது

கத்தியை எடுக்கும் முன் நீங்களே தரையில் மண்டியிடுங்கள். இடது உள்ளங்கை தரையில், வலது கையில் ஒரு பென்சில். பென்சில் முனை தரையைத் தொடும் கோணம் ஏறத்தாழ 30 பாகை. செங்குத்தாகக் குத்தினால் கத்தி கண்ணிவெடியின் தலையில் உள்ள அழுத்தத் தட்டில் இடிக்கும். சாய்த்துக் குத்தினால் பக்கச் சுவரில் முட்டும். உயிர் பிழைப்பது அந்தக் கோணத்தில்தான், ஆகவே உருவத்திலும் அது பிசகக் கூடாது. யாரையாவது முன்னாலும் பக்கவாட்டிலும் மேலிருந்தும் கைபேசியில் படம் எடுக்கச் சொல்லுங்கள்.

படத்தில் இவற்றைக் கவனியுங்கள். இடுப்பு குதிகாலை விட்டு எழும்பி இருக்கும். முதுகு வளையும், ஆனால் வளைவு இடுப்பில் தொடங்காது, விலா எலும்புக்குக் கீழே தொடங்கும். எடையைத் தாங்கும் கையின் தோள் காதை நோக்கி உயர்ந்திருக்கும், வேலை செய்யும் கையின் தோள் தாழ்ந்திருக்கும். ஒரு தோள் ஏறி ஒரு தோள் இறங்கும் இந்தச் சாய்வு இல்லாவிட்டால், எவ்வளவு நன்றாக வண்ணம் தீட்டினாலும் உருவம் பொம்மையாகவே நிற்கும். மாற்றி உருவாக்குவதில் தோல்வியடைந்த பெரும்பாலான உருவங்கள் தோளில்தான் தோற்கின்றன.

1/35 அளவில் கணக்கு எளிது, உண்மை அளவை 35ஆல் வகுத்தால் போதும். 167 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் நின்றால் 4.8 சென்டிமீட்டர் வருவார். முகவாய் முதல் உச்சி வரை ஆறரை மில்லிமீட்டர்தான். முதுகுக்குப் பட்டி வைக்கும்போது இந்தத் தலை அளவை அடிக்கடி ஒப்பிடுங்கள், உடம்பு தானாகப் பெருத்துக்கொண்டே போவது இந்த வேலையின் இயல்பு.

வெட்டு

பாகங்களை ஸ்ப்ரூவிலிருந்து எடுத்ததும் அச்சு சேர்ந்த இடத்தில் ஓடும் கோட்டைக் கத்தியின் விளிம்பால் சுரண்டி நீக்குங்கள். தொப்பி விளிம்பு, காதின் பின்புறம், காலின் உட்புறம் ஆகியவை மறந்துபோகும் இடங்கள்.

பிறகு உடம்பு எங்கே மடங்குமோ அங்கே மட்டும் அறுங்கள்: கழுத்து, இடுப்பு வாருக்குச் சற்று மேலே, தோள், முழங்கை, மணிக்கட்டு. முழங்கையை மடக்க வேண்டுமானால் உட்பக்கத்தில் ‘V’ வடிவத் துண்டை வெட்டி எடுத்து, வெளிப்பக்கத் தோல் மட்டும் மிஞ்சும்படி விட்டு மெல்ல மடக்குங்கள். முறிந்தாலும் கவலையில்லை, இரு முனையிலும் துளை போட்டுக் கம்பி செருகிவிடலாம். இடுப்பில் முன்பக்கம் துண்டு எடுத்து மேலுடம்பை முன்னால் சாய்த்தால், முதுகுப் பக்கம் வாய் பிளக்கும். அந்தப் பிளவைப் பட்டி நிரப்பும்.

எல்லா மூட்டிலும் கம்பி செருகுங்கள். ஒட்டுவதற்கு முன் கம்பி தாங்கும் நிலையில் உருவத்தைத் திருப்பித் திருப்பி, நீங்கள் எடுத்த படத்தோடு ஒப்பிடலாம். ஒரு இரவு அப்படியே மேசையில் விட்டுவிட்டு மறுநாள் பார்த்தால் தவறு சட்டென்று தெரியும். திருப்தியான பிறகுதான் பசை.

கைகளைப் பற்றி ஒரு வார்த்தை. கிட்டில் உள்ள கை துப்பாக்கியைப் பிடித்திருக்கும். அந்தப் பிடி கத்திக்கும் பொருந்தும், மணிக்கட்டை மட்டும் திருப்பினால் சரி. மண்ணை விலக்கும் இடக்கைக்கு விரல் விரிந்த கை தேவை. வேறு கிட்டில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் விரல்களை மண்ணுக்குள் புதைத்துவிடுங்கள். அவர் செய்யும் வேலைக்கு அது பொருத்தமும்கூட.

துப்பாக்கியை இவர் கையிலோ முதுகிலோ வைக்க வேண்டாம், குனிந்து குத்துபவருக்கு அது தொந்தரவு. பக்கத்தில் தரையில் வைப்பதானால், இந்தியப் படையிடம் இருந்தது பெரும்பாலும் இஷாப்பூரில் செய்த நம்பர் 1 மார்க் 3 ரகத் துப்பாக்கி. அதன் மூக்கு தட்டையாக முடியும். குழல் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது நம்பர் 4, பெட்டிக்குள் திரும்பப் போட்டுவிடுங்கள். பயனெட்டிலும் ஒரு நுட்பம் உண்டு. பழைய 1907 ரகத்தின் அலகு 17 அங்குலம், நம் அளவில் 12.3 மில்லிமீட்டர். போர்க்காலத்தில் இந்தியாவில் 12 அங்குலமாகக் குறைத்தார்கள், அது 8.7 மில்லிமீட்டர். இரண்டும் புழக்கத்தில் இருந்தன. குட்டையானது இந்த ஆளின் கையில் பார்க்க நன்றாக இருக்கிறது, கிட்டில் உள்ளதை நறுக்கி நுனியைத் தீட்டினால் வந்துவிடும். கத்தியின் பாதி மண்ணுக்குள் போய்விடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பட்டியில் துணி

பட்டியின் இரண்டு பாகத்தையும் சம அளவில் எடுத்து ஒரே நிறம் வரும்வரை பிசையுங்கள். உடனே வைத்தால் விரலிலும் கருவியிலும் ஒட்டும். பத்துப் பதினைந்து நிமிடம் ஆறவிட்டால் ஒட்டும் தன்மை குறைந்து வடிவத்தை ஏற்கும். நம் ஊர் வெயிலில் எபாக்ஸி சீக்கிரம் இறுகும், அதனால் பட்டாணி அளவுக்கு மேல் ஒரே தடவையில் கலக்க வேண்டாம். கருவியாகப் பல்குத்தும் குச்சி, தையல் ஊசி, முனை வழவழப்பான பழைய பால்பாயிண்ட் பேனா போதும். கருவியைத் தண்ணீரில் தொட்டுக்கொண்டு வேலை செய்தால் பட்டி ஒட்டாது. தண்ணீர் தேங்கினால் மட்டும் பட்டி பிளாஸ்டிக்கை விட்டுப் பெயர்ந்துவிடும்.

இரண்டு கட்டமாகச் செய்யுங்கள். முதல் நாள் உடம்பின் கனம் மட்டும்: முதுகின் வளைவு, தோளின் உயரம், பிளவுகள். நன்றாக இறுகிய பின், இரண்டாம் நாள் அதன் மேல் மெல்லிய படலமாகத் துணி. ஒரே தடவையில் இரண்டையும் செய்யப் போனால் மடிப்பைச் சரிசெய்யும்போது உடம்பு நசுங்கும்.

மடிப்புக்கு இலக்கணம் உண்டு. துணி எங்கே இழுபடுகிறதோ அங்கிருந்து மடிப்பு கிளம்பும், எங்கே நெருக்கப்படுகிறதோ அங்கே குவியும். இவர் குனிந்திருப்பதால் முதுகுத் துணி இழுபட்டு ஏறக்குறைய மடிப்பே இல்லாமல் இருக்கும். தோள்பட்டையிலிருந்து அக்குளுக்கு இரண்டு மூன்று நீண்ட கோடுகள் போதும். வயிற்றுப் பக்கம் துணி குவிந்து தொங்கும். மடிந்த தொடைக்கும் இடுப்புக்கும் நடுவே ஆழமான மூன்று மடிப்பு. மடிப்பை எங்கும் ஒரே ஆழத்தில், ஒரே இடைவெளியில் போடாதீர்கள், நெளி தகரம் ஆகிவிடும். குச்சியை உருட்டிப் பள்ளம் போட்டு, அதன் இரு கரையையும் ஈரப் பிரஷால் தடவினால் துணியின் மென்மை வரும்.

வார்களுக்குப் பட்டி வேண்டாம். களிம்பு டியூபின் அலுமினியத் தகட்டைக் கழுவி, மட்டமாகத் தேய்த்து, அடிக்கோல் வைத்து வெட்டினால் அளவான வார் கிடைக்கும், உடம்பின் வளைவுக்கேற்ப வளையவும் செய்யும். தொப்பி வாரும் அதே தகடுதான். மண்டியிட்டவரின் பின்கால் பூட்ஸ் அடிப்பாகம் பார்ப்பவர் கண்ணில் நேராகப் படும். பழைய கிட்டில் அது மொட்டையாக இருக்கும். ஊசிமுனையால் ஃபெவிக்விக்கைப் புள்ளி புள்ளியாக வைத்து ஆணித் தலைகளை உண்டாக்குங்கள், குதிகாலில் லாடம் போல ஒரு தகட்டுத் துண்டு ஒட்டுங்கள்.

பிரைமர்

பாத்திரம் கழுவும் சோப்பில் உருவத்தை மெல்லக் கழுவிக் காயவையுங்கள். கை எண்ணெய் இருந்தால் வண்ணம் உரிந்துவரும். வண்ணத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சான பிரைமரைச் சாம்பல் நிறத்தில் அடித்தால் மறைந்திருந்த விரிசலும் அச்சுக் கோடும் வெளிப்படும், அவற்றைத் திருத்தி மறுபடி அடியுங்கள். மழைநாளில் ஸ்பிரே கேன் வேண்டாம், ஈரக்காற்றில் பூச்சு வெள்ளையாகப் பூத்துவிடும். பிரஷால் தடவும் பிரைமரும் குறைவில்லாதது.

தோல்

இந்த உருவத்தின் உயிர் இங்கேதான். முகம், கழுத்து, முழு முன்கை, முழங்கால் என்று தோல் நிறையத் தெரிகிறது. கடையில் கிடைக்கும் வழிகாட்டிகளும் தோல் வண்ணத் தொகுப்புகளும் பெரும்பாலும் வெள்ளைக்காரத் தோலை மனத்தில் வைத்தே செய்யப்பட்டவை. அந்த முறையை அப்படியே எடுத்து நிறத்தை மட்டும் கறுப்பாக்கினால் முகம் சாம்பல் பூத்துச் செத்துப்போகும். காரணம் இரண்டு: நிழலுக்குக் கறுப்பும் வெளிச்சத்துக்கு வெள்ளையும் சேர்ப்பது. மாநிறத்துக்கும் கறுப்புக்கும் இடைப்பட்ட நம் தோலுக்கு இந்த இரண்டுமே பகை.

நான் பயன்படுத்தும் கலவை வல்லெஹோ மாடல் கலர் வரிசையில் இது. அடிநிறம்: மஹாகனி பிரவுன் 70.846 இரண்டு பங்கு, பிளாட் எர்த் 70.983 ஒரு பங்கு. நிழல்: அடிநிறத்தோடு ஜெர்மன் கேமோ பிளாக் பிரவுன் 70.822. முதல் வெளிச்சம்: அடிநிறத்தோடு ஆரஞ்ச் பிரவுன் 70.981. அடுத்த வெளிச்சம்: அந்தக் கலவையில் ஊசிமுனை அளவு பிளாட் ஃபிளெஷ் 70.955. வேறு நிறுவன வண்ணம் வைத்திருந்தால் எண்ணை விட்டுவிட்டு நிறத்தைப் பாருங்கள். செம்மை கலந்த ஆழ்ந்த பழுப்பில் தொடங்கி, ஆரஞ்சு வழியாக வெளிச்சத்துக்கு ஏற வேண்டும். இன்னும் கறுத்தவராகக் காட்ட வேண்டுமென்றால் அடிநிறத்தை மட்டும் ஆழமாக்குங்கள், ஏறும் வழி அதேதான்.

வண்ணத்தைத் தண்ணீர் சேர்த்துப் பால் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரு தடவையில் மூடக் கூடாது, மூன்று நான்கு மெல்லிய பூச்சில் மூட வேண்டும். பிரஷில் எடுத்ததைத் துணியில் ஒற்றிவிட்டே உருவத்தில் வையுங்கள். வெப்பத்தில் வண்ணம் தட்டிலேயே காய்ந்துவிடும் என்பதால் ஈரத்தட்டு வைத்துக்கொள்ளுங்கள். மூடியுள்ள தட்டையான டப்பாவில் நனைத்த டிஷ்யூ, அதன் மேல் கேக் சுடப் பயன்படும் பேக்கிங் தாள், அதன் மேல் வண்ணம். மூடி வைத்தால் மறுநாளும் கலவை அப்படியே இருக்கும். பிரஷ் விஷயத்தில் 000 எண்ணைத் தேடாதீர்கள். நுனி கூராக நிற்கும் 1ஆம் எண் பிரஷ் வண்ணத்தை அதிகம் தேக்கி, அதே மெல்லிய கோட்டையும் தரும்.

தலைக்கு மேலே சூரியன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரும்புத் தொப்பியின் அகன்ற விளிம்பு முகத்தின் மேல்பாதியை நிழலில் போடும். ஆகவே நெற்றிக்கு வெளிச்சம் வேண்டாம். மூக்கு நுனி, கன்னமேடு, தாடை என்ற மூன்றே இடம். முகம் குனிந்திருப்பதால் பிடரிக்குத்தான் முழு வெயில், அங்கே தயங்காமல் வெளிச்சம் ஏற்றுங்கள். முன்கையில் தசை புடைத்த இடம், மணிக்கட்டு எலும்பு, விரல் மூட்டுகள்.

நம் தோலைத் தெரிந்தவர்கள் மட்டுமே கவனிக்கும் சில உண்டு. முழங்காலும் முழங்கையும் சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்திருக்கும், அங்கே நிழல் கலவையை மெல்லியதாக ஓட்டுங்கள். உள்ளங்கையும் விரல்களின் உட்பக்கமும் வெளிர்ந்து இளஞ்சிவப்புப் படர்ந்திருக்கும், நகமும் அப்படியே. கீழுதட்டில் அடிநிறத்தோடு துளி கருஞ்சிவப்பு, மேலுதடு அதைவிடக் கறுப்பு. கண்ணுக்குக் கீழே நிழல் கலவையை நீர்க்கத் தடவினால் அலுப்புத் தெரியும். தாழ்ந்த இமைக்கு ஒரு கீற்று வெளிச்சமும் அதன் கீழ் ஒரு கறும்பழுப்புக் கோடும் போதும், கண் வேலை முடிந்தது. மழித்த தாடைக்கு அடிநிறத்தில் துளி நீலச்சாம்பல் சேர்த்து ஒரு நீர்ப்பூச்சு.

கடைசியாக மினுமினுப்பு. கறுத்த தோலில் வெளிச்சம் நிறமாகத் தெரிவதைவிட பளபளப்பாகத் தெரியும், அதுவும் வேர்த்த உடம்பில். எல்லா வேலையும் முடிந்து பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் அடித்த பிறகு, மூக்குத் தண்டு, பிடரி, முன்கை ஆகியவற்றில் மட்டும் லேசாகப் பளபளக்கும் சாட்டின் வார்னிஷை நீர்க்கத் தொடுங்கள். அப்போதுதான் அவர் வெயிலில் இருப்பது தெரியும்.

காக்கி

பாலைவனக் காக்கி துணி வெயிலிலும் துவைப்பிலும் வெளுத்துப் பலவித நிறத்தில் இருந்தது. சட்டையும் அரைக்கால் சட்டையும் ஒரே நிறத்தில் வேண்டாம். சட்டைக்குக் காக்கி 70.988, அதோடு சமபங்கு இராக்கி சேண்ட் 70.819. அரைக்கால் சட்டைக்கு இராக்கி சேண்டைக் கூட்டுங்கள். நிழலுக்கு இங்கிலீஷ் யூனிஃபார்ம் 70.921 நன்றாகப் பொருந்தும். வெளிச்சத்துக்கு ஐவரி 70.918. முதுகிலும் அக்குளிலும் அடிநிறத்தைவிடச் சற்று ஆழ்ந்த நீர்ப்பூச்சு வேர்வை ஈரமாகத் தெரியும், ஓரத்தில் உப்புக் கோடாக மங்கலான ஐவரிக் கீற்று ஒன்று. வார்கள் வெளிர்ந்த மணல் நிறம். கணுக்காலில் சுற்றிய பட்டீஸ் துணியும் மேலே உள்ள கம்பளிக் காலுறையும் பச்சை கலந்த காக்கி. பூட்ஸ் கறுப்பு, ஆனால் புழுதியில் அதில் பாதி மறைந்துவிடும். 4ஆம் டிவிஷனின் சின்னம் கறுப்புச் சதுரத்தில் சிவப்புக் கழுகு. களத்தில் எல்லாரும் அதை அணிந்ததாகப் படங்களில் தெரியவில்லை. வைப்பதானால் தோளில் ஒன்றரை மில்லிமீட்டர் கறுப்புச் சதுரமும் அதற்குள் சிறகு விரித்த வடிவில் ஒரு சிவப்புத் தொடுகையும் போதும்.

தரையும் வெடியும்

பாலைவனம் என்றதும் மணல்மேடு போட்டுவிடுகிறார்கள். 4ஆம் டிவிஷன் நின்ற, எகிப்தின் ருவைசாட் மேட்டுப் பகுதி கல்லும் இறுகிய வெளிர்மண்ணுமான தரை. கடற்கரை மணலைப் போட்டால் அதன் பருக்கை நம் ஆளின் கண்விழி அளவுக்கு இருக்கும், மினுங்கவும் செய்யும். செங்கல் தூளை மெல்லிய துணியில் சலித்து ஃபெவிகால் மேல் தூவி, சிறு சுண்ணாம்புக்கல் துணுக்குகளை அங்கங்கே பதித்து, வெளிர்மண் நிறம் அடியுங்கள். அதே நிறப் பொடியை அவருடைய முழங்கால், பூட்ஸ், இடக்கை விரல்கள் மீதும் தடவுங்கள். ஆளும் தரையும் ஒட்டுவது இந்தப் பொடியால்தான்.

புதைந்திருப்பது ஜெர்மன் டெல்லர் கண்ணிவெடி, டாங்கிக்கும் லாரிக்கும் வைத்தது. விட்டம் 32 சென்டிமீட்டர், அதாவது 9 மில்லிமீட்டர். பிளாஸ்டிக் தாளில் வட்டம் வெட்டி விளிம்பை உருட்டித் தேய்த்து, மூன்றில் ஒரு பங்கு மட்டும் வெளியே தெரியுமாறு புதையுங்கள். மங்கிய சாம்பல் நிறம், கீறல்களில் துரு. பின்னால் வெடி அகற்றிய பாதையைக் காட்டும் வெள்ளை நாடா: சிகரெட் பெட்டியின் மெல்லிய உள்தாளை ஒன்றரை மில்லிமீட்டர் அகலத்தில் வெட்டி, ஃபெவிகால் கலந்த தண்ணீரில் நனைத்து, கல் மேல் ஏறி இறங்கும்படி படியவிடுங்கள். காற்றில் ஒரு இடத்தில் புரண்டு கிடக்கட்டும்.

போலந்து அதிகாரி யூசெஃப் கொசாட்ஸ்கி உருவாக்கிய மின் கண்ணிவெடி கண்டறி கருவி எகிப்தில் 1942ல் நடந்த எல் அலமைன் சண்டைக்கு 500 எண்ணிக்கையில் வந்தது. அதனால் கருவி பிடித்த ஆளையும் சேர்க்கலாம். ஆனால் அந்தக் காலத்திலும் கத்தியால் குத்தித் தேடும் வேலை நிற்கவில்லை. உருவம் ஒன்றே ஒன்று என்றால் கத்தி பிடித்தவரே போதும்.

முழங்காலிலும் இடக்கையிலும் செருகிய கம்பி தரைக்குள் இறங்குமாறு துளை போட்டு ஒட்டுங்கள். முழங்கால் பதிந்த இடத்தில் மண் சற்று அமுங்கியிருக்க வேண்டும். கீழே இடைவெளி தெரிந்தால் ஈரமண் கலவையை ஊசியால் நிரப்புங்கள். மேட் வார்னிஷ் அடித்து, தோலில் சாட்டின் தொட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் வையுங்கள். நேர் வெயில் படும் ஜன்னல் ஓரம் மட்டும் வேண்டாம்.

இரண்டாவது ஆளுக்கு ஆசை வந்தால், நாடாவை விரித்துக்கொண்டு பின்னால் வருபவரைச் செய்யுங்கள். நிற்கும் கால்களை எடுத்து, இடுப்பில் லேசாக முன்சாய்த்து, தலையை முன்னவர் கைகளை நோக்கித் திருப்புங்கள். அவர் கால் வைப்பது முன்னவர் முழங்கால் பதித்த தடத்தின் மேலேயே இருக்கட்டும். இவர் முகம் நிமிர்ந்திருக்கும் என்பதால், கண் வரைவதை இவரிடம் பழகலாம்.